பெர்த்தா அம்மாவின் தொப்பி ஊசி



இந்த மலருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு சாதனைப் பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு நிர்வாகக் குழுவில் முடிவானது. எங்க குழுவில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவள். குழு மூலமா எடுத்த கடனில் வாங்கிய பழைய வண்டிதான் என் பிழைப்பு. அதனால் என் தொழிலுக்கு எல்லாருக்கும் முன்னாடி வழி போட்ட ஒரு அம்மாவைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு பண்ணினேன். அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். ஜெர்மனி நாட்டுக்காரர். ரோட்டில் பென்ஸ் கார் போனால் திரும்பிப் பார்க்கிறோமே, அந்த பென்ஸ் குடும்பம்தான்.

காரை உருவாக்கியவர் அவருடைய கணவர் கார்ல் பென்ஸ். புத்தகங்களில் அவர் பெயர்தான் பெரிசா இருக்கும். ஆனால் அவருடைய பட்டறை மூழ்காமல் இருக்கப் பணம் போட்டவர் பெர்த்தா அம்மா. அந்தக் காரை முதன்முதலில் ஊர் விட்டு ஊர் நெடுந்தூரம் ஓட்டிக் காட்டியவரும், நடுவழியில் நின்றபோது கையில் இருந்ததை வைத்துச் சரி செய்தவரும் அவர்தான். நம்மில் நிறைய பேர் ஆட்டோ, லோடு வண்டி, கார் என்று கடன் வாங்கி வைத்திருக்கிறோம். அவர் கதை நமக்கு ரொம்ப வேண்டியது.

பிறந்த வீடு

பெர்த்தா 1849-ஆம் வருஷம் மே 3-ஆம் தேதி ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மனியின் தென்மேற்கே பாடன் என்ற பகுதியில் இருக்கிற ஊர் அது. நகைத் தொழிலுக்குப் பேர் போனது. அப்பா தச்சு வேலை, கட்டட வேலை எடுத்துச் செய்து வசதியாக வாழ்ந்தவர். மகள் பிறந்ததை வீட்டு பைபிளில் குறித்தபோது, இதுவும் பெண்ணாய்ப் போச்சே என்ற வருத்தத்தையும் சேர்த்து எழுதி வைத்தார் என்று சொல்வார்கள். பொண்ணு பொறந்த சேதி கேட்டு முகம் சுருங்குவது நம்ம ஊரில் மட்டும்தான்னு நினைக்க வேண்டாம்.

பெண்கள் பள்ளியில் பெர்த்தா படித்தார். இயந்திரங்களைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அவருக்கு ஆசை. ஆனால் பள்ளிக்கு மேல் படிக்கக் கதவு திறக்கவில்லை. அந்தப் பாடன் பகுதியிலேயே பெண்கள் முறையாகப் பல்கலைக்கழகத்தில் சேர 1900-ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பெர்த்தா அம்மாவுக்கு 51 வயது நடந்துகொண்டிருந்தது.

1869-இல் அவர் கார்லைச் சந்தித்தார். கார்லின் அப்பா ரயில் இன்ஜின் ஓட்டியவர். பிள்ளைக்கு 2 வயது இருக்கும்போதே இறந்துபோனார். அம்மாதான் ஒற்றை ஆளாக நின்று கஷ்டப்பட்டு மகனை இன்ஜினியராக ஆக்கினார். கார்ல் கையில் காசு இல்லை. குதிரை இல்லாமல் தானே ஓடும் ஒரு வண்டி செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. பெர்த்தாவுக்கு அந்த ஆளையும் பிடித்தது, அந்த எண்ணமும் பிடித்தது.

கல்யாணத்துக்கு முன் போட்ட பணம்

1871-இல் கார்ல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மன்ஹைம் நகரத்தில் இரும்புப் பட்டறை தொடங்கினார். கூட்டாளி சரியில்லை. அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பப் பணம் வேண்டும். கார்லிடம் ஏது பணம்? பெர்த்தா தன் அப்பாவிடம் கேட்டு, கல்யாணத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கினார். அதை வைத்துக் கூட்டாளியின் பங்கைத் தீர்த்தார்கள். பட்டறை கார்லின் கைக்கு வந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்ததால்தான் தன் பணத்தை இன்னதில் போடு என்று அவரால் சொல்ல முடிந்தது. 1872 ஜூலையில் கல்யாணம் முடிந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி மனைவியின் பணத்தைக் கையாளும் உரிமை கணவனுக்குப் போய்விட்டது. பணம் அவருடையது, கையெழுத்து அவருடையது இல்லை.

அடுத்த பல வருஷம் கஷ்டம்தான். பட்டறை நஷ்டத்தில் ஓடியது, கடன் கழுத்தை நெரித்தது, குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. 1879-ஆம் வருஷத்தின் கடைசி நாள் இரவு. கார்லின் இன்ஜின் அதுவரை ஒழுங்காக ஓடவில்லை. சாப்பாடு முடிந்ததும், வாங்க, இன்னொரு தடவை பட்டறைக்குப் போய்ப் பார்த்துடலாம் என்று கூப்பிட்டவர் பெர்த்தா. அன்றைக்குத்தான் அது நிற்காமல் ஓடியது. புது வருஷம் பிறக்கும் நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பிறகு புதுப் பங்குதாரர்கள் வந்தார்கள். 1886 ஜனவரி 29-ஆம் தேதி கார்ல் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மூன்று சக்கரம், பின்பக்கம் ஒரே ஒரு சிலிண்டர், ஒரு குதிரைச் சக்திகூட இல்லாத இன்ஜின். மணிக்கு 16 கிலோமீட்டர் போகும். நம்ம பிள்ளைகள் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவார்கள். காப்புரிமைப் பத்திரத்தில் கார்ல் பெயர் மட்டும்தான்.

வண்டி வந்துவிட்டது, வாங்க ஆள் இல்லை. தெருவில் ஓட்டினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும். குதிரை இல்லாத வண்டியில் ஏறி யார் தூர ஊர் போவார்கள்? நடுவழியில் நின்றால் யார் இழுப்பார்கள்? கார்ல் நல்ல இன்ஜினியர், ஆனால் கூச்ச சுபாவம். இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும், இன்னும் கொஞ்சம் என்று பட்டறைக்குள்ளேயே வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தார். பெர்த்தா அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. சனங்க நம்பணும்னா வண்டி தூரம் ஓடணும்.

1888 ஆகஸ்ட்

1888 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்பது சாக்கு. விடியற்காலையில், கார்ல் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, மூத்த மகன் ஆய்கன், அடுத்தவன் ரிச்சர்ட் இரண்டு பேரையும் எழுப்பினார். பெரியவனுக்கு 15 வயது, சின்னவனுக்கு 13. அப்பா முழித்துக்கொள்ளாமல் இருக்க, வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள் என்று சொல்வார்கள். ஸ்டார்ட் பண்ணச் சாவி கிடையாது. பின்னால் படுக்கையாகக் கிடக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும்.

மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போக 100 கிலோமீட்டருக்கு மேல். அதுவரைக்கும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் யாரும் போனது கிடையாது. சாலை என்பது குதிரை வண்டித் தடம்தான். பெட்ரோல் பங்க், மெக்கானிக் கடை எதுவும் கிடையாது. அப்படி ஒரு தொழிலே உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

முதல் பிரச்சினை எரிபொருள். டேங்க் சுமார் 4.5 லிட்டர்தான் கொள்ளும். அந்த இன்ஜின் லிக்ராயின் என்ற ஒரு எண்ணெயில் ஓடியது. துணியில் பட்ட கறையை எடுக்க மருந்துக் கடையில் விற்பார்கள். ஹைடெல்பெர்க் தாண்டி வீஸ்லோக் என்ற ஊர் வந்ததும், பெர்த்தா அம்மா நேரா மருந்துக் கடைக்குப் போய் லிக்ராயின் கேட்டார். அந்தக் கடைதான் உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றைக்கும் அந்த ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். தன் வண்டி எதைக் குடிக்கும், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாமும் டீசல் வண்டியா பெட்ரோல் வண்டியா என்று பங்க்கில் நாமே வாய் திறந்து சொல்லணும். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. அப்படியே தள்ளி ஓரம் நிறுத்தி டேங்கைக் காலி பண்ணினால் செலவு கொஞ்சத்தோடு போகும். ஸ்டார்ட் பண்ணிவிட்டால் இன்ஜின் வரைக்கும் செலவு வைக்கும்.

அடுத்தது தண்ணீர். அந்த இன்ஜினைக் குளிரவைத்த தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. கிணறு, ஓடை, சத்திரம் என்று தண்ணீர் கண்ட இடத்தில் எல்லாம் நின்று நிரப்பினார்கள். நம்ம வண்டியில் ரேடியேட்டர் இருக்கிறது, தண்ணீர் சுற்றித் திரும்பி வரும். ஆனாலும் சூட்டு முள் மேலே ஏறினால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்கணும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கரில் ஆவி இறங்குமுன் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அதே கதைதான், கையும் முகமும் வெந்துபோகும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மூடி கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கனமான துணி போட்டு மெதுவாகத் திறக்கணும். பக்கத்தில் இருக்கும் வெள்ளை டப்பாவில் இரண்டு கோடு போட்டிருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன் கூலன்ட் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

போகப் போக வண்டி நின்றது. எண்ணெய் வரும் சின்னக் குழாயில் அடைப்பு. பெர்த்தா அம்மா தொப்பியைத் தலைமுடியோடு சேர்த்துக் குத்தியிருந்த நீள ஊசியை உருவினார். அதை விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தார். வண்டி கிளம்பியது. இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைய காரின் பெட்ரோல் குழாயில் ஊசி விட்டுவிடாதீங்க. இப்போதைய பம்ப் அழுத்தத்தோடு தள்ளும், சிதறினால் தீப்பிடிக்கும். ஆனால் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் துவாரம் அடைத்துக்கொண்டால் ஒரு குண்டூசி போதும். ஏர் ஃபில்டரும் அப்படித்தான். மூடியின் கிளிப்பை எடுத்தால் வெளியே வந்துவிடும். தட்டித் தூசி எடுத்து மாட்டலாம், ரொம்பக் கறுத்திருந்தால் புதுசு வாங்கி நாமே மாட்டிக்கலாம். மண் ரோட்டில் ஓடுற வண்டிக்கு இதை அடிக்கடி பார்க்கணும்.

இன்னொரு இடத்தில் தீப்பொறி கொடுக்கும் மின்கம்பியின் மேலுறை தேய்ந்து கம்பி வெளியே தெரிந்தது. இரும்பில் பட்டால் மின்சாரம் வீணாகும், இன்ஜின் விட்டு விட்டு ஓடும். அந்தக் காலத்துப் பெண்கள் நீளக் காலுறை நழுவாமல் இருக்கத் தொடையில் ஒரு பட்டை கட்டுவார்கள். பெர்த்தா அம்மா அதைக் கழற்றிக் கம்பியைச் சுற்றிக் கட்டினார். நம்மிடம் இன்சுலேஷன் டேப் இருக்கிறது, வண்டிக்குள் ஒரு சுருள் போட்டு வையுங்க. வண்டி நிற்கிற முக்கால்வாசி நேரம் பேட்டரி விஷயமாகத்தான் இருக்கும். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் எடுக்கணும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டணும். ஃபியூஸ் போனால் அதே எண் போட்ட ஃபியூஸ்தான் போடணும். சிகரெட் தாள், கம்பி எதையும் சுற்றிப் போடக் கூடாது. வண்டியே எரிந்துபோகும்.

ஒரு இடத்தில் சக்கரத்துக்கு விசை கொடுக்கும் சங்கிலி தளர்ந்தது. அதை அவர் தானே செய்ய முயலவில்லை. ஊர்க் கொல்லரிடம் போனார். மலைப் பாதையில் இறங்க இறங்க பிரேக் கட்டை தேய்ந்துபோனது. அப்போது செருப்பு தைக்கிறவரிடம் போய், இந்தக் கட்டையின் மேல் தோல் வைத்து அடித்துக் கொடுங்கள் என்று கேட்டார். மோட்டார் வண்டியைப் பக்கத்தில் பார்த்தே இராத ஒரு மனுஷர் அவர் சொன்னபடி செய்து கொடுத்தார். இன்றைக்கு நம்ம வண்டியில் பிரேக் பேட், பிரேக் லைனிங் என்று போடுகிறோமே, அதன் தொடக்கம் அந்தத் தோல் துண்டுதான்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். எதைத் தன் கையால் செய்யணும், எதற்குத் தொழில்காரரிடம் போகணும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. போன இடத்தில் என்ன செய்யணும்னு சொல்லவும் தெரிந்திருந்தது. வண்டி சரியில்லை, பார்த்துக் கொடுங்க என்று சாவியை நீட்டிவிட்டு ஓரமாக நின்றால், பில் எவ்வளவு வந்தாலும் கொடுத்துத்தான் ஆகணும். பிரேக் மிதித்தால் கிறீச் என்கிறது, பேட் தேய்ந்திருக்கும், கழற்றிக் காட்டுங்க என்று சொன்னால் பேச்சே வேறு. பிரேக் வேலையை நாம் கழற்ற வேண்டாம், அது உயிர் விஷயம். ஆனால் பிரேக் ஆயில் டப்பாவில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், பேட் தேய்ந்திருக்கும் இல்லாட்டி எங்கோ கசிகிறது என்று தெரிந்துகொள்ளத் தனிப் படிப்பு வேண்டாம், கண் போதும்.

மேட்டில் வண்டி ஏறவில்லை. இரண்டே கியர், இரண்டும் மேட்டுக்குப் போதவில்லை. இறங்கித் தள்ளினார்கள். வழியில் ஊர்க்காரர்களும் கை கொடுத்தார்கள். இப்படியே இருட்டும் நேரத்துக்கு ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். பத்திரமாக வந்துவிட்டோம் என்று பெர்த்தா அம்மா கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாள் தங்கிவிட்டு, அதே வண்டியில் ஓட்டிக்கொண்டு மன்ஹைம் திரும்பினார்.

ஊர் திரும்பிய பிறகு

திரும்பி வந்தவர் ஊர் சுற்றிய கதை மட்டும் சொல்லவில்லை. மேட்டுக்கு ஒரு கியர் கூடுதலாக வேணும், பிரேக் கட்டைக்குத் தோல் வேணும் என்று கணவரிடம் சொன்னார். கார்ல் அதைக் கேட்டு வண்டியில் மாற்றம் செய்தார். பட்டறைக்குள்ளே வைத்துப் பார்த்தபோது தெரியாத குறை, ரோட்டில் தள்ளியவருக்குத் தெரிந்தது. அடுத்த மாதம், 1888 செப்டம்பரில், மியூனிக் நகரத்துக் கண்காட்சியில் அந்த வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

மெல்ல மெல்ல வாங்க ஆள் வந்தார்கள். 1894-இல் விலை குறைவான சின்னக் கார் ஒன்றை வெளியிட்டார்கள். 1899-இல் ஒரே வருஷத்தில் 572 வண்டி செய்யும் அளவுக்கு பென்ஸ் கம்பெனி வளர்ந்தது. உலகத்திலேயே பெரிய கார் கம்பெனியாக இருந்தது. 1903-இல் கார்ல் அந்தக் கம்பெனியின் அன்றாட வேலையிலிருந்து விலகினார். பிறகு குடும்பம் லாடன்பர்க் என்ற சின்ன ஊருக்குக் குடிபோய், மகன்களோடு சேர்ந்து அங்கே தனியாகத் தொழில் நடத்தியது. 1926-இல் பென்ஸ் கம்பெனி டைம்லர் கம்பெனியோடு இணைந்தது. 1929-இல் கார்ல் காலமானார்.

கார்லுக்கு 1914-இலேயே கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டது. அதே கல்லூரி பெர்த்தா அம்மாவுக்கு ஒரு கௌரவம் கொடுத்தது 1944 மே 3-ஆம் தேதி. அன்றைக்கு அவருக்கு 95-ஆவது பிறந்தநாள். இரண்டே நாளில், மே 5-ஆம் தேதி, லாடன்பர்க் வீட்டில் உயிர் போனது. அமெரிக்காவில் கார் தொழில் முன்னோடிகளுக்கென்று ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. அதில் கார்ல் பெயர் 1984-இல் சேர்ந்தது, பெர்த்தா பெயர் 2016-இல் சேர்ந்தது. நடுவில் 2008-இல், அவர் ஓட்டிப் போன பாதைக்கு ஜெர்மனியில் அவர் பெயரையே வைத்தார்கள்.

நம்ம கையில்

பெர்த்தா அம்மா பணம் போட்டார், பத்திரத்தில் பெயர் வரவில்லை. ஆனால் வண்டி அவர் கையில் ஓடியது. நம்மில் பல பேர் நிலைமை தலைகீழ். கடன் நம்ம பேர்ல, ஆர்.சி. புக் நம்ம பேர்ல, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து நம்ம கையெழுத்து. சாவி வேற யார் இடுப்பிலோ தொங்கும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போ ஆயில் மாத்தினது, ஏன் பட்டறையில் நாலு நாள் நிற்குது என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. வண்டி நின்னா வருமானம் நிற்கும். வருமானம் நின்னா தவணை நிற்கும். ஒருத்தி தவணை நின்னா குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அடுத்த கடன் தள்ளிப்போகும். அதனால் பானெட்டைத் திறந்து பார்ப்பது ஆசைக்குச் செய்யும் வேலை இல்லைங்க. கடன் புத்தகத்தைப் பார்ப்பது மாதிரிதான் அதுவும்.

ஓட்டத் தெரியணும்னுகூடக் கட்டாயம் இல்லை. வாரம் ஒரு நாள் காலையில், இன்ஜின் சூடாகுமுன், சமதரையில் வண்டியை நிறுத்தி இதைச் செய்யலாம். டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுங்க. ஆயில் இரண்டு குறிக்கு நடுவில் இருக்கணும். கீழ்க் குறிக்கும் கீழே போனால் ஊற்றாமல் வண்டியை எடுக்காதீங்க. மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி முனை மூன்றையும் ஒரு பார்வை பாருங்க. வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா பாருங்க. டயரின் பள்ளங்களுக்குள்ளே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றியே ஆகணும். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷ வேலை. பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்க. கணக்கு எழுதுவது நமக்குப் புதுசா என்ன?

பெர்த்தா அம்மா வண்டியில் காற்றடைத்த டயர் கிடையாது. பஞ்சர் என்ற ஒரு தொல்லை மட்டும் அவருக்கு இல்லை. நமக்கு உண்டு. அதனால் ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொள்ளணும். கெட்டித் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தணும். ஸ்பேனர் மேல் காலை வைத்து அழுத்தினால் தளரும், பெரிய பலம் வேண்டாம். பிறகு வண்டிக்கு அடியில் குறித்திருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மாற்றணும். நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கணும். இறக்கிய பிறகு மறுபடி இறுக்கணும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கிற வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை செய்வதும் கூடாது, அந்தப் புகை வாசம் காட்டாமலே ஆளைக் கொல்லும்.

பெர்த்தா அம்மாவிடம் டூல்ஸ் பெட்டி இருந்ததா என்று கேட்டால், தொப்பியில் ஒரு ஊசி, காலில் ஒரு பட்டை, வாயில் ஒரு கேள்வி. அந்த மூன்றை வைத்து 100 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சேர்ந்தார். நம்மிடம் அதைவிட நிறைய இருக்கிறது. கேட்கிறதில்தான் நமக்குக் கூச்சம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் வண்டியில்தான் வருவேன். கூட்டம் முடிந்ததும் வேப்ப மரத்தடியில் பானெட்டைத் திறந்து வைக்கிறேன். வண்டி இருக்கிறவங்க, வாங்கப் போறவங்க, சும்மா பார்க்கிறவங்க எல்லாரும் வாங்க. ஒரு பழைய துணி கொண்டுவாங்க, கை துடைக்க ஆகும். ஆர்.சி. புக்கில் யார் பேர் இருக்கோ அவங்கதான் முதலில் டிப் ஸ்டிக்கை உருவணும்.